நடுங்கும் கோடு என்ன சொல்கிறது? – ஓவியப் பயிற்சி: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்றுக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். அந்த வாசகி ஆறு தாள்களை அனுப்பியிருந்தார். ஆறிலும் நான் பார்த்த பிழைகள் வரையத் தொடங்கும் எல்லோருடைய தாளிலும் வருபவை. அதனால் மற்றவர்களும் தங்கள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: டீச்சர், வணக்கம். எனக்கு 42 வயது. மூன்று வாரமாகத் தினமும் அரை மணி நேரம் கோடு, நீள்வட்டம், பெட்டி என்று அடிப்படைப் பயிற்சிகளை மட்டும் செய்கிறேன். வீட்டில் காட்டினால் "நல்லா இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். நன்றாக இல்லை என்று எனக்கே தெரிகிறது. எது நன்றாக இல்லை என்றுதான் தெரியவில்லை. என் மனசு நோகுமே என்று பார்க்காமல் சொல்லுங்கள். இந்த வயதில் தொடங்குவது சரிதானா என்றும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி

பதில்: உங்கள் ஆறு தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பிவைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எல்லாவற்றிலும் மூலையில் தேதி போட்டிருக்கிறீர்கள். மோசமானதை ஒளித்துவைக்காமல் வரிசையாக அனுப்பியிருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. நன்றி. பொறுக்கி எடுத்த நல்ல தாளைப் பார்த்து ஒருவருக்கு என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?

முதல் தாளில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, அதன் மேலேயே கையால் எட்டெட்டு முறை வரைந்திருக்கிறீர்கள். வலது முனையில் கோடுகள் விசிறிபோல் விரிந்துபோகின்றன. அதை நினைத்துக் கவலைப்படவே வேண்டாம். கை தூரம் போகப் போக விலகத்தான் செய்யும், நாள்பட விசிறி தானாகச் சுருங்கும். ஆனால் உங்கள் கோடுகள் இடது முனையிலும் பிரிந்திருக்கின்றன. இதைத்தான் கவனிக்க வேண்டும். கிளம்புகிற இடம் முழுக்க உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பேனாவைச் சரியாகப் புள்ளியில் வைத்து, ஒரு மூச்சு நிறுத்தி, அப்புறம் கிளம்பினால் எட்டுக் கோடும் ஒரே இடத்தில் தொடங்கும். இரு முனையும் பிரிந்த தாளைப் பார்த்தால், வரைந்தவர் எண்ணிக்கையை முடிக்கிற அவசரத்தில் இருந்தார் என்று எனக்குத் தோன்றும். எட்டுக்குப் பதில் நான்கு முறை வரையுங்கள், போதும்.

இரண்டாம் தாளில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். இரண்டு புள்ளிகளை வைத்து அவற்றைக் கோட்டால் இணைக்கிற பயிற்சி. குட்டைக் கோடுகள் சுத்தமாக இருக்கின்றன, ஆனால் எல்லாமே வில்போல் மேல்பக்கம் லேசாக வளைந்திருக்கின்றன. மணிக்கட்டைத் தாளில் ஊன்றி வரைகிறீர்கள். ஊன்றிய மணிக்கட்டு காம்பஸின் முள் மாதிரி. அதை மையமாக வைத்துப் பேனா வட்டத்தின் ஒரு துண்டைத்தான் வரையும். நீளக் கோடுகளில் சங்கதி வேறு. பாதி தூரம் நேராக வந்து, நடுவில் ஒரு சின்ன முறிவு, அப்புறம் வேறு திசை. அந்த முறிவை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் மை கொஞ்சம் தடித்துப் பொட்டாக நிற்கிறது. பேனா அங்கே நின்றிருக்கிறது என்று அர்த்தம். மணிக்கட்டு எட்டுகிற தூரம் அங்கே முடிந்துபோய், கையை நகர்த்தி வைத்துத் தொடர்ந்திருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். கோட்டைத் தோள்பட்டையிலிருந்து இழுங்கள். மணிக்கட்டும் முழங்கையும் தனியாக மடங்காமல் முழுக் கையும் சேர்ந்து நகர வேண்டும். சுண்டுவிரல் நகம் தாளைத் தொட்டு வழுக்கிக்கொண்டு போகலாம். முதல் ஒரு வாரம் இது உங்களுக்குப் பிடிக்காது. இப்போது வருகிற கோட்டைவிட மோசமான கோடுதான் வரும், தோளும் வலிக்கும். அப்போது பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மணிக்கட்டால் எவ்வளவு அழகாகக் குட்டைக் கோடு போடப் பழகினாலும் அது நீளக் கோட்டுக்கு உதவாது.

இன்னொன்று, அந்த நடுக்கம். கை நடுங்குகிறவர் என்று உங்களைப் பற்றி நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் கண் பேனா முனையைத் துரத்துகிறது. முனை ஒரு நூல் மேலே போனால் கீழே இழுக்கிறீர்கள், கீழே போனால் மேலே தள்ளுகிறீர்கள். கோட்டில் தெரிகிற அலை முழுவதும் இந்தத் திருத்தங்கள்தான். இனி இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு புள்ளிகளை வையுங்கள். பேனா தாளைத் தொடாமல் காற்றிலேயே அந்தப் பாதையில் நான்கைந்து முறை போய்வாருங்கள். கைக்குப் பாதை பழகியதும் பேனாவை இறக்கி, கண்ணைச் சேரவேண்டிய புள்ளியில் வைத்து, ஒரே வேகத்தில் போய்விடுங்கள். கிளம்பிய பிறகு திருத்தம் கூடாது. கோடு புள்ளியைத் தவறவிட்டால் தவறவிடட்டும்.

உங்கள் தாளின் ஏழாவது வரிசையில் மூன்று கோடுகள் புள்ளியைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் ஓடிப்போயிருக்கின்றன. பக்கத்தில் நீங்களே சின்னதாக 'தப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கோடுகள் அந்த மூன்றும்தான். நடுக்கம் இல்லை, முறிவு இல்லை, மைப்பொட்டு இல்லை. கையை நம்பி விட்டிருக்கிறீர்கள். முதலில் கோடு வழுவழுப்பாக வரட்டும், அடுத்து குறி பார்த்துப் போகட்டும், புள்ளியில் சரியாக நிற்பது கடைசியில்தான் வரும். நீங்கள் கடைசிப் பாடத்தில் தவறியதற்காக முதல் பாடத்தில் தேறியதை அடித்துவிட்டீர்கள். தயவுசெய்து அந்த 'தப்பு' என்ற சொல்லை அடியுங்கள்.

தவறிய கோடுகள் பலவற்றின் மேல் திரும்பத் திரும்பக் கீறிச் சரிசெய்யப் பார்த்திருக்கிறீர்கள். அது வேண்டாம். திருத்திய கோடு தடித்துப்போய்த் தாளில் அதுதான் முதலில் கண்ணில் படும். தவறியதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். செங்குத்துக் கோடு வரவே மாட்டேன் என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தாளைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு வசதியான திசை ஒன்று இருக்கும், எல்லாக் கோட்டையும் அந்தத் திசைக்குக் கொண்டுவாருங்கள். இது ஏமாற்று வேலை இல்லை. எனக்குத் தெரிந்த நல்ல வரைவாளர்கள் எல்லோரும் தாளைத் திருப்பிக்கொண்டேதான் வரைகிறார்கள்.

மூன்றாம் தாள் நீள்வட்டங்கள். இவை இரண்டு முனையிலும் இலைபோல் கூர்மையாகிவிடுகின்றன. வளைவு வந்ததும் பயந்து வேகத்தைக் குறைத்து, திரும்பியதும் மறுபடி ஓட்டுகிறீர்கள். நீள்வட்டத்துக்கு மூலை கிடையாது. காற்றில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிட்டு, வேகம் குறையாமல் தாளில் இறங்கி இரண்டு சுற்று வரைந்து எழுந்துவிடுங்கள். இரண்டு சுற்று போனால் கோடு இரட்டையாகத் தெரியுமே என்று தோன்றும். தெரியட்டும். ஒரே சுற்றில் மூட நினைத்தால் தொடங்கிய இடத்தைத் தேடிக் கை தயங்கும். நான்கு, ஐந்து சுற்று என்று போனால் கம்பளி நூல் உருண்டையாகிவிடும், எது உங்கள் வடிவம் என்று உங்களுக்கே தெரியாது.

நான்காம் தாளில் உருளைகள். நின்றுகொண்டிருக்கும் உருளையின் மேல்வாயை நல்ல நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடிப்பகுதியைக் கிட்டத்தட்ட நேர்கோடாக முடித்திருக்கிறீர்கள். வரையத் தொடங்கியவர்களின் தாளில் நான் ஆண்டுக்கணக்கில் பார்த்துவரும் பிழை இது. பொருள் தட்டையான மேசையில் நிற்கிறது என்று மனசுக்குத் தெரியும், அதனால் கையும் தட்டையாகவே போடுகிறது. ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து அதன் வாயைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள், கோடு திறந்து நீள்வட்டமாகும். இறக்க இறக்க இன்னும் வட்டமாகும். இப்போது டம்ளரின் அடியைப் பாருங்கள். அது வாயைவிடக் கண் மட்டத்துக்கு இன்னும் கீழே இருக்கிறது, அதனால் வாயைவிடக் கூடுதலாகத் திறந்திருக்கும். நீங்கள் வரைந்ததற்கு நேர்மாறு.

சாய்ந்து கிடக்கும் உருளைகளில் வேறொரு பிழை. நீள்வட்டத்தின் குட்டையான குறுக்கு அளவைக் கணக்குப் புத்தகத்தில் குற்றச்சு என்பார்கள். உருளையின் நடுவே ஓடும் அச்சுக்கோடும் இந்தக் குற்றச்சும் ஒரே கோட்டில் அமைய வேண்டும். உங்கள் உருளைகளில் நீள்வட்டம் ஒரு பக்கமாகச் சரிந்து நிற்பதால் குழாயைக் கோணலாக அறுத்ததுபோல் இருக்கிறது. அச்சுக்கோட்டின் மேல் தாளை மடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் சரி.

கடைசி இரண்டு தாள்கள் பெட்டிகள். பார்வைக்குப் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பெட்டியைப் பார்வையால் மட்டும் தீர்மானிக்க முடியாது, அதனால் ஸ்கேலும் சிவப்புப் பேனாவும் எடுத்தேன். உங்கள் தாளில் கை வைக்காமல் மேலே டிரேசிங் பேப்பர் போட்டுத்தான் வரைந்தேன், அதையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு பெட்டிக்கு 12 விளிம்புகள். திசைக்கு நான்காக மூன்று கூட்டம். ஒவ்வொரு கூட்டத்தின் நான்கு கோடுகளையும் நம்மிடமிருந்து விலகிப் போகிற பக்கமாக நீட்டினால் அவை தூரத்தில் ஒரே இடத்தை, அதாவது ஒரே மறைபுள்ளியை நோக்கி நெருங்க வேண்டும். தூரம் போகப் போகப் பொருள் சிறுத்துத் தெரிவதைத் தாளில் கொண்டுவருகிற பெர்ஸ்பெக்டிவ் கணக்கின் அடிப்படை இதுதான். இத்தாலியில் கட்டடக் கலைஞரும் எழுத்தாளருமான ஆல்பர்ட்டி 1435இல் ஓவியக்கலை பற்றி எழுதியபோது இந்த முறையை விளக்கிவைத்தார்.

உங்கள் பெட்டிகளில் நடப்பது இது: நான்கில் இரண்டு கோடுகள் ஓரிடத்தில் சந்திக்கின்றன, மற்ற இரண்டும் வேறோரிடத்தில் சந்திக்கின்றன. பக்கத்துக் கோட்டை மட்டும் பார்த்து அடுத்ததைப் போட்டிருக்கிறீர்கள். ஒரு சதுர முகத்தை முடித்துவிட்டு அடுத்த முகத்துக்குப் போகிற ஆளுக்கு இப்படித்தான் வரும். சின்னச் சின்னத் தவறுகள் எல்லாம் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத பின் மூலையில் வந்து நிற்கும். மறைந்திருக்கும் மூன்று விளிம்புகள் கூடுகிற இடம் அது. உங்களுடைய பல பெட்டிகளில் அங்கே மூன்று கோடுகளும் ஒரே புள்ளியில் சேராமல் குட்டி முக்கோணமாக நிற்கின்றன. மூலையை இழுத்துப் பிடித்து ஒட்டவைக்காதீர்கள். ஒவ்வொரு கோட்டையும் போடும்முன், அதே கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கிற கோடுகள் எங்கே போகின்றன என்று காற்றில் பேனாவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வரைந்து முடித்த பிறகு நான் செய்ததுபோல வேறு நிறத்தில் நீட்டிப் பாருங்கள். உங்கள் பிழையை உங்களுக்கே காட்டுகிற ஆசிரியர் அந்தச் சிவப்புக் கோடுகள்தான், எனக்குத் தபால் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு பெட்டிகள் மட்டும் நசுங்கியதுபோல் இருக்கின்றன. நமக்கு அருகிலுள்ள மூலையில் மூன்று கோடுகள் விரிகின்றன அல்லவா? மூன்று முகமும் தெரிகிற பெட்டியில் அந்த மூன்று கோணங்களும் பொதுவாக 90 பாகைக்கு மேலே இருக்கும். உங்களுடைய அந்த இரண்டிலும் ஒரு கோணம் குறைந்துவிட்டது. தொடங்கும்போதே இதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 42 வயதுத் தோளும் கண்ணும் இந்தப் பயிற்சிகளைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளும். வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். அப்போது அவரும் அச்சடித்த பயிற்சித் தாள்களைப் பக்கத்தில் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வரைந்துதான் பழகினார்.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாவற்றையும் நாளைக்கே திருத்தக் கிளம்பாதீர்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒன்றே ஒன்று: தோளிலிருந்து, நடுவில் திருத்தாமல், ஒரே வீச்சில் கோடு. தினமும் ஒரு பக்கம் போதும். நீள்வட்டமும் பெட்டியும் கைப்பழக்கம் விடாமலிருக்க இரண்டு மூன்று. பெட்டிக் கணக்கை அதற்கடுத்த முறை பேசுவோம்.

கேள்வி: என் தங்கை மகனுக்கு 14 வயது. வரையப் பழகுகிறான், ஒவ்வொரு பக்கத்தையும் என்னிடம் காட்டுகிறான். நன்றாக இருக்கிறது என்றால் "சும்மா சொல்றீங்க மாமா" என்கிறான். குறை சொன்னால் இரண்டு நாள் நோட்டைத் தொடுவதில்லை. எனக்கு வரையத் தெரியாது. என்னதான் சொல்வது?
– ஒரு வாசகர்

பதில்: நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு சொல்வதை முதலில் விட்டுவிடுங்கள். அவன் நீட்டியதும், "இதில் என்ன பழகப் பார்த்தாய்?" என்று கேளுங்கள். அவன் சொல்கிற பதிலை வைத்துத்தான் தாளைப் பார்க்க வேண்டும். நேர்கோடு பழகியவனிடம் நிழல் சரியில்லை என்று சொன்னால் அவன் நோட்டை மூடத்தான் செய்வான்.

அப்புறம், ஒற்றைக் கோட்டைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கோடு கோணலாவது தற்செயல். பக்கம் முழுக்க ஒரே பக்கமாக வளைந்திருந்தால் அதில் சேதி இருக்கிறது. "எல்லாமே மேல்பக்கம் வளையுது பார், கையை எங்கே ஊன்றுகிறாய்?" என்று கேட்க வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பார்க்கத் தெரிந்தால் போதும். பாராட்டுக்கும் இதே விதிதான். "சூப்பர்" என்பதை அவன் நம்பமாட்டான், அவன் நம்பாததும் சரிதான். "இந்தக் கடைசி வரிசையில் ஒரு கோட்டையும் திரும்பக் கீறவில்லை" என்று விரல் வைத்துக் காட்டுங்கள், நம்புவான். ஒரு தடவைக்கு ஒரு குறை, அதற்கு ஒரு வேலை. அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அவன் தாளில் நீங்களோ வேறு யாருமோ வரைந்து திருத்தக் கூடாது. எனக்குப் பதினொரு வயதில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர், நான் அரை மணி நேரம் போராடிய ஜாடியை என் பென்சிலாலேயே நான்கே கோட்டில் சரிசெய்து கொடுத்தார். அழகான ஜாடி. எல்லோரிடமும் அதைக் காட்டினார்கள். நான் என்ன தவறு செய்தேன் என்பது அந்த நான்கு கோடுகளுக்கு அடியில் போய்விட்டது, கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் மாணவர் தாளின் மேல் பென்சில் வைக்க என் கை வராது. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தனித் தாளில் காட்டுங்கள், அல்லது டிரேசிங் பேப்பரில்.

கேள்வி: பயிற்சிக்குப் பென்சிலா, பேனாவா? ஸ்கேல், ரப்பர் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கோடு, நீள்வட்டம், பெட்டிக்குப் பேனா. 0.5 மில்லிமீட்டர் முனையுள்ள ஃபைன்லைனர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் பால்பாயின்ட் போதும். அழிக்க முடியாது என்று தெரிந்தால் போடும்முன் யோசிப்பீர்கள். நிழல் பழகுவதற்கு 2பி பென்சில். ஸ்கேல் சரிபார்க்க மட்டும். ரப்பரைப் பயிற்சி நேரத்தில் வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: பந்து வரைந்து நிழலடித்து அனுப்பியிருக்கிறேன். எவ்வளவு தேய்த்தாலும் அது தட்டு மாதிரியே தெரிகிறது. ஏன்?

பதில்: சுற்றிலும் கறுப்பாக ஒரு வெளிக்கோடு போட்டிருக்கிறீர்கள். பந்தின் ஓரம் விளிம்பு கிடையாது. மேற்பரப்பு அங்கே நம் கண்ணைவிட்டுத் திரும்பிப்போகிறது, அவ்வளவுதான். கனத்த கோடு அதை வெட்டி நிறுத்தித் தட்டாக்கிவிடுகிறது. இரண்டாவது, உங்கள் பந்தில் இருப்பது எல்லாமே நடுத்தரச் சாம்பல். மிக இருட்டான இடத்தை இருட்டாக்கப் பயந்திருக்கிறீர்கள். பந்தைத் தொடும்முன் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு, முதல் கட்டத்தை வெறும் தாளாக விட்டு, ஐந்தாவதைப் பென்சில் எவ்வளவு கறுக்குமோ அவ்வளவு கறுப்பாக்கி, நடுவில் மூன்றையும் படிப்படியாக நிரப்புங்கள். பந்தில் ஐந்தும் வந்ததா என்று பாருங்கள்.

நிழல் பக்கத்தின் அடியில் ஒரு வெளிச்சப் பட்டை விட்டிருக்கிறீர்கள், மேசையிலிருந்து திரும்பி அடிக்கிற வெளிச்சம். அதைக் கவனித்ததற்கு மகிழ்ச்சி. ஆனால் அது நிழலுக்குள் இருக்கிற வெளிச்சம். விளக்கு நேராகப் படுகிற பக்கத்தின் அளவுக்குப் பளிச்சென்று இருக்க முடியாது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு உண்மையான பந்தைப் பாருங்கள், அந்தப் பட்டை நிழலோடு சேர்ந்து கரைந்துவிடும். நான்காம் கட்டத்துச் சாம்பலை அதன் மேல் மெல்லப் பூசுங்கள்.

கேள்வி: வரைந்ததும் பிழை தெரிவதில்லை, ஒரு வாரம் கழித்துத்தான் தெரிகிறது. உடனே பார்க்க வழி உண்டா?

பதில்: கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள். இடம் வலம் மாறியதும் கண்ணுக்கு அது புதுப் படமாகிவிடும், சாய்வும் கோணலும் சட்டென்று தெரியும். லியொனார்டோ டா வின்சியே தன் குறிப்புகளில் ஓவியர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறார். கண்ணாடி இல்லையென்றால் தாளைத் தலைகீழாக்குங்கள், அல்லது சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய் நின்று பாருங்கள்.

கேள்வி: முடித்த பயிற்சித் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடலாமா? பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: வேண்டாம். பின்பக்கத்தில் தேதியையும், அன்று எதைப் பழக நினைத்தீர்கள் என்று ஒரு வரியையும் எழுதி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். 30 தாள் சேர்ந்ததும் முதல் தாளையும் முப்பதாவது தாளையும் மட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.